குழுவாய் ஆடும் போர்ப்பலகையும் சப்பிரகமுவப் போர்களும்

விளையாட்டுக்கள் ஓய்வுப்பொழுதைக் கழித்தற்கு மட்டும் தோன்றியனவல்ல. ஒரு மக்கட்கூட்டத்தினர் எவ்வாறு பயிர்செய்தனர், எவ்வாறு மந்தை காத்தனர், எவ்வாறு போர்புரிந்தனர் என்பனவெல்லாம் அவர்தம் விளையாட்டுக்களிற் சுருங்கிய வடிவில் பதிந்து கிடக்கின்றன. பல்லாங்குழியில் விதைப்பும் அறுப்பும் உள. ஆடுபுலியாட்டத்தில் மந்தையும் காடும் உள. சதுரங்கத்தில் அரசனும் நாற்படையும் உள. இவற்றுட் போரைப் பலகைமேல் நடத்திக் காட்டும் விளையாட்டுக்களை, சிறப்பாக இருவர் தனித்தனியே ஆடாது பலர் இரு கட்சியாய்ப் பிரிந்து ஆடும் வகையினை ஆராய்ந்து, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் நிகழ்ந்த பழம்போர்களை அவ்விளையாட்டு எவ்வாறு விளக்குகின்றது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒருவன் ஒருவனோடு ஆடும் பலகையிற் காய்கள் ஒருபோதும் மறுத்துப் பேசுவதில்லை. ஆடுவோன் தள்ளிய இடத்துக்கு அவை செல்லும். வெட்டுண்ணும் எனத் தெரிந்தும் செல்லும். உண்மைப் போரிலோ காய்கள் மனிதர். அவர்களுக்குத் தனித்தனி எண்ணமும் அச்சமும் நலனும் உண்டு. பலர் சேர்ந்து ஆடும்போதுதான் இவ்வுண்மை பலகைமேல் இடம்பெறுகின்றது. படையின் அளவினும் அப்படையைப் பிணித்து நிற்கும் நம்பிக்கையே வெற்றிதோல்வியை அறுதியிடும் என்பது அப்பொழுதே புலனாகின்றது.

ஆடும் புலியும்

தமிழ் மக்கள் யாவரும் அறிந்த ஆடுபுலியாட்டத்தை முதற்கண் நோக்குதல் தகும். தரையிலோ பாறையிலோ கோடு கீறி, மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் வைத்து ஆடுவது இதன் பெருவழக்கு. யாழ்ப்பாணத்தில் இதனையொத்த ஆட்டம் நாயும் புலியும் எனப்படும். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும் வலிமையுடையது. ஆட்டுக்கு வெட்டும் வலிமை இல்லை. எனினும் ஆடுகள் ஒன்றையொன்று அணைந்து நின்று புலியின் வழிகளை யெல்லாம் அடைப்பின் புலி அசைய இயலாது தோற்கும். தனித்து நின்ற ஆடு இரையாகும். சேர்ந்து நின்ற ஆடு மதிலாகும்.

வலிமை சமமில்லாத இரு பகுதியினர் பொருதும் போருக்கு இவ்வாட்டம் சிறந்த உருவகமாகும். ஆயினும் இதில் ஒரு குறையுண்டு. பதினைந்து ஆடுகளையும் இயக்குவது ஒரே கை. எந்த ஆடும், தான் இரையாதற்கு உடன்படேன் என்று கூறி விலகுவதில்லை. புலியின் பக்கம் சேர்வதுமில்லை. சிங்களக் கிராமங்களிற் புத்தாண்டுக் காலத்தில் இரு கட்சியாய்ப் பிரிந்து சோழி உருட்டி ஆடும் பஞ்ச விளையாட்டிற் பலர் கூடுகின்றனர். ஆனால் அது காய்களை ஓட்டி வீடுசேர்க்கும் பந்தயமேயன்றிப் போரன்று. போரும் கூட்டும் ஒருங்கே அமைந்த ஆட்டத்தைக் காணவேண்டின் பழைய சதுரங்கத்துக்கே செல்லல் வேண்டும்.

நால்வர் சதுரங்கம்

சதுரங்கம் என்னும் வடசொல் நான்கு உறுப்புக்களை உடையது எனப் பொருள்படும். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையையே அது குறித்தது. இருவர் ஆடும் சதுரங்கத்தோடு நால்வர் ஆடும் சதுரங்கமும் இந்தியாவில் வழங்கியது. அல்பிரூனி என்னும் அறிஞர் ஏறத்தாழ 1030 ஆம் ஆண்டில் இந்தியாவைப்பற்றி எழுதிய நூலிற் கவறுருட்டி நால்வர் ஆடும் இவ்வாட்டத்தை விரித்துரைத்துள்ளார். பிற்காலத்து வங்காளத்து வடமொழி நூலொன்றும் இதன் விதிகளைத் தருகின்றது. இருவர் ஆட்டம் முந்தியதா, நால்வர் ஆட்டம் முந்தியதா என்பதில் அறிஞரிடையே வாதம் நிகழ்ந்ததுண்டு. 1913 இற் சதுரங்க வரலாற்றை எழுதிய மறே என்பார் இருவர் ஆட்டமே முந்தியது எனத் துணிந்தார்.

வங்காள விதிப்படி ஒவ்வொருவர்க்கும் ஓரரசன், ஒரு யானை, ஒரு குதிரை, ஓர் ஓடம், நான்கு காலாட்கள் ஆக எட்டுக் காய்கள் உண்டு. அறுபத்துநான்கு கட்டங்களையுடைய பலகையின் நான்கு புறத்தும் நால்வர் அமர்வர். எதிரெதிரே அமர்ந்தோர் நட்பினர். அடுத்தடுத்து அமர்ந்தோர் பகைவர். விழுந்த எண்ணே எக்காய் நகரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

இவ்வாட்டத்தின் நுட்பம் ஒரு விதியில் அடங்கியுள்ளது. ஓரரசன் தன் நண்பனது சிங்காதனத்தில் ஏறுவானாயின் நண்பனின் படையும் அவனுடைய ஆணைக்குள் வந்துவிடும். பகைவனை வெல்ல உதவிய கையே நண்பனின் அரசையும் கவரலாம். ஆகவே ஆடுவோன் ஒவ்வொருவனும் இரண்டு கணக்கை ஏககாலத்திற் போடவேண்டியவனாகின்றான். பகைவன் எங்கு நிற்கின்றான் என்பது ஒன்று. நண்பன் எதுவரை நண்பனாயிருப்பான் என்பது மற்றொன்று. திருவள்ளுவர் பொருட்பாலிற் படைமாட்சிக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கூடாநட்பு எனவும் உட்பகை எனவும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பிரஷ்ய நாட்டுப் போர்விளையாட்டு

போரைக் குழுவாய் ஆடிக் கற்கும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர்கள் பிரஷ்ய நாட்டினர். றைஸ்விட்ஸ் என்னும் பிரபு 1812 இல் தாம் அமைத்த ஆட்டத்தை அந்நாட்டு மன்னனுக்குக் காட்டினார். அவர் மகனாகிய படையதிகாரி அதனைத் திருத்தி 1824 இல் விதிநூலாக வெளியிட்டார். கட்டம் கீறிய பலகைக்குப் பதிலாக, மலையும் ஆறும் பாதையும் குறித்த உண்மை நிலப்படம் அதிற் பயன்பட்டது. அப்படம் நிலத்தின் எண்ணாயிரத்தில் ஒரு பங்கு அளவினது. ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடப் போரைக் குறித்தது. பிரஷ்யப் படைத்தலைமை அலுவலகத்தின் தலைவராயிருந்த மியுவ்ளிங் அதனைக் கண்டு, இது விளையாட்டன்று, போர்ப்பயிற்சியே என வியந்து படைகளனைத்துக்கும் பரிந்துரைத்தார் என்பர்.

இவ்வாட்டத்தில் இரு கட்சியினரும் வெவ்வேறிடத்தில் இருப்பர். நடுவர் ஒருவரே முழுப் படத்தையும் காண்பார். பகைவனின் காய் எங்குளது என்பது அதனைக் காணத்தக்க அண்மையில் தன் படை நிற்கும்போது மட்டுமே ஒருவனுக்குத் தெரிவிக்கப்படும். தலைமைத் தளபதி தன் கீழுள்ளோர்க்குக் கட்டளையை எழுதி நடுவர் கையிற் கொடுக்கவேண்டும். தூதன் செல்லும் தூரத்துக்கேற்ற காலங் கழிந்த பின்னரே நடுவர் அதனை உரியவரிடம் சேர்ப்பார். அதற்குள் நிலைமை மாறியிருக்கலாம். கட்டளையைத் தவறாக விளங்கிக்கொள்ளவுங் கூடும். 1876 இல் வெர்டி என்னும் படையதிகாரி, விரிந்த விதிகளைக் குறைத்து நடுவரின் அனுபவத் தீர்ப்புக்கே முதன்மை கொடுக்கும் முறையை வெளியிட்டார்.

பின்னர் இக்கலை பொதுமக்களிடையும் பரவியது. அமெரிக்காவிற் சார்ள்ஸ் றொபேட்ஸ் என்பார் 1954 இற் போர்ப்பலகை ஆட்டமொன்றை விற்பனைக்கு வெளியிட்டார். 1958 இல் அவரது நிறுவனம் கெற்றிஸ்பேக் போரை அவ்வாறே பலகையில் அமைத்தது. 1959 இல் வெளிவந்த டிப்ளோமசி என்னும் ஆட்டத்தில் எழுவர் ஐரோப்பிய வல்லரசுகளாய் அமர்ந்து, தம்முள் இரகசியமாய்ப் பேசி உடன்படிக்கை செய்து, கட்டளைகளை எழுதி ஒரே வேளையில் வெளிப்படுத்துவர். கொடுத்த வாக்கைக் காக்கவேண்டும் என விதி எதுவும் அதிலில்லை. நால்வர் சதுரங்கத்தின் பழம்பொருள் புதிய வடிவில் மீண்டது எனலாம்.

சப்பிரகமுவ என்னும் பலகை

இனி, இவ்வாட்டங்கள் உணர்த்தும் உண்மையைச் சப்பிரகமுவ நிலத்தில் வைத்துப் பார்ப்பாம். இன்றைய சப்பிரகமுவ மாகாணம் 1889 இல் அமைந்தது. மேற்கே தாழ்நிலமும் கிழக்கே கண்டி மலைநாடும் அமைய, இடையே கிடக்கும் படிக்கட்டுப் போன்றது இந்நிலம். களனி கங்கையும் களு கங்கையும் மகா ஓயாவும் இதனூடே ஓடுகின்றன. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். கடற்கரையைக் கைப்பற்றியவர் எவராயினும் கண்டியை அடைய விரும்பின் இக்காடுகளையும் பெருகிய ஆறுகளையும் கடந்தே செல்லவேண்டியிருந்தது. கேகாலையைச் சார்ந்த மெனிக்கடவரையிற் போர்த்துக்கேயர் பாசறை அமைத்ததும், மலையேறும் வழியாகிய பலனைக் கணவாயில் மீண்டும் மீண்டும் போர் நிகழ்ந்ததும் இதனாலேயே.

1594 ஆம் ஆண்டுப் போர் முதற்சான்று. பேரோ லோப்பஸ் த சூசா என்னும் போர்த்துக்கேயத் தளபதி பெரும்படையோடு கண்டிக்கு ஏறினான். அப்படையிற் பெரும்பாலோர் லஸ்கரின்கள் எனப்பட்ட உள்நாட்டு வீரர். ஜயவீர என்னும் உள்நாட்டுத் தலைவனே அவர்களுள் முதன்மை பெற்றிருந்தான். அவன் பகைவனோடு இரகசியத் தொடர்புடையான் எனக் காட்டும் கடிதமொன்று போர்த்துக்கேயர் கையிற் சிக்கியது. அதனைக் கண்டி மன்னன் விமலதர்மசூரியனே சூழ்ச்சியாய் எழுதி அகப்படச் செய்தான் என்பர். போர்த்துக்கேயர் ஆராயாது ஜயவீரனைக் கொன்றனர். உடனே லஸ்கரின்கள் விலகிச் சென்றனர். எஞ்சிய படை தந்துறையில் அழிந்தது. ஒரு கடிதம் ஒரு படையைக் கரைத்துவிட்டது.

1630 இல் மற்றொரு தளபதியாகிய கொன்ஸ்தந்தீனு த சா ஊவாவுட் புகுந்தான். றந்தெனிவெலப் போரில் அவனோடு சென்ற உள்நாட்டு முதலியார்களும் லஸ்கரின்களும் கண்டியர் பக்கம் சேர்ந்தனர்; த சா களத்தில் மாண்டான். அக்காலத்துப் போர்த்துக்கேய ஆட்சியிற் சப்பிரகமுவ, நாலு கோறளை, ஏழு கோறளை, மாத்தறை என நான்கு திசாவைப் பிரிவுகள் இருந்தன. லஸ்கரின்கள் திரட்டப்பட்டது இப்பிரிவுகளின் கிராமங்களினின்றேயாம். தம் ஊரைக் கொள்ளையிடும் படைக்குத் தாமே படைக்கலம் ஏந்தவேண்டிய நிலை அம்மக்களது.

கட்டளை தவறிச் சென்றதனால் விளையும் கேட்டுக்கு 1804 ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும். பல திசைகளினின்றும் ஒருங்கே புறப்பட்டுக் கண்டியிற் சந்திக்குமாறு ஆங்கிலேயர் திட்டமிட்டனர். பின்னர் திட்டம் மாறியது. மட்டக்களப்பிலிருந்த கப்டன் ஜோன்ஸ்ரனுக்குச் சென்ற இரண்டாவது கடிதம் அம்மாற்றத்தைத் தெளிவாய் உணர்த்தவில்லை. அவர் ஏறத்தாழ முந்நூறு பேரோடு தனியே கண்டியை அடைந்தார். அங்கே தம் பக்கத்தார் எவரையுங் காணாது, இடர்ப்பட்டுத் திருகோணமலைக்கு மீண்டார். அவ்வனுபவத்தை அவரே 1810 இல் நூலாக வெளியிட்டார். பிரஷ்யர் நிலப்படத்தின்மேல் ஆடிக் கற்ற பாடத்தை அவர் காட்டில் நடந்து கற்றார்.

1815: நாற்பது நாட் போர்

இவை அனைத்தினும் சப்பிரகமுவ மக்கள் சிறப்பாய்க் கருதவேண்டியது 1815 ஆம் ஆண்டுப் போராகும். கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் முதலமைச்சனாகிய எகெலப்பொல சப்பிரகமுவைக்குத் திசாவையாகவும் இருந்தான். மன்னனுக்கும் அவனுக்கும் பகை மூண்டது. 1814 இல் எகெலப்பொல ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தான். அவன் மனைவி மக்களுக்கு மன்னன் கொலைத்தண்டம் விதித்தான். மூன்று கோறளை, நாலு கோறளைகளுக்குத் திசாவையாகிய மொல்லிகொட முதலமைச்சனானான். ஆகவே இன்றைய இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளை ஆண்ட இருவருமே இவ்வாட்டத்தின் முதன்மைக் காய்கள்.

ஆங்கிலேயர் பக்கத்தில் ஜோன் டொயிலி என்பார் சிங்கள மொழியை நன்கு கற்று, கண்டிப் பிரதானிகளோடு நெடுங்காலம் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். தேசாதிபதி பிரௌன்றிக் 1815 சனவரி 10 இற் போர்ப்பிரகடனம் செய்தார். சீதாவக்கை ஆற்றைக் கடந்த படைக்குச் சப்பிரகமுவையில் எதிர்ப்பு மிகச் சிறிதே. பெப்புருவரியில் மொல்லிகொடவும் ஆங்கிலேயர் பக்கம் வந்தான். பெப்புருவரி 18 இல் மன்னன் சிறைப்பட்டான். அவனைப் பிடித்தோருட் சப்பிரகமுவப் பிரதானியாகிய எக்னெலிகொட முதன்மையானவன். மார்ச்சு 2 இல் கண்டி உடன்படிக்கை நிறைவேறியது. 1594 இலும் 1630 இலும் பெரும்படைகளை விழுங்கிய அதே மலைநாடு நாற்பது நாளுக்குட் பெரும்போரின்றி வீழ்ந்தது. மலை மாறவில்லை, ஆறு மாறவில்லை, மழை பெய்யும் காலமும் மாறவில்லை. மாறியது மன்னனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே இருந்த பிணிப்பு ஒன்றே.

இதனைத் துரோகம் என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுதல் எளிது. ஆனால் அச்சொல் பெரும்பாலும் கைவிடப்பட்டவன் வழங்கும் சொல். 1817 இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்குமாறு ஆங்கிலேயர் அனுப்பிய கெப்பிட்டிபொல திசாவை கிளர்ச்சியாளரோடு சேர்ந்தான். 1818 நவம்பரிலே தலை துணிக்கப்பட்டான். அவனை ஆங்கில அரசு துரோகி என்றது. நாடு வீரன் எனப் போற்றியது. பக்கம் மாறினான் என்ற செய்தியினும், ஏன் மாறினான் என்ற வினாவே வரலாற்று மாணவனுக்கு உரியது.

வகுப்பறையில் ஆடும் முறை

அவ்வினாவை மாணவர் உள்ளத்தில் எழுப்புதற்குக் குழுவாய் ஆடும் போர்ப்பலகை சிறந்த கருவி. 1815 ஆம் ஆண்டுப் போரைப் பன்னிருவர் பின்வருமாறு ஆடலாம். பிரௌன்றிக்கும் கொழும்பு, காலி, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்களினின்று புறப்படும் நான்கு படைத்தலைவரும் ஆக ஐவர் ஒருபுறம். மன்னனும் மொல்லிகொடவும் ஏனைத் திசாவைகள் இருவரும் ஆக நால்வர் மறுபுறம். எகெலப்பொல ஒருவர், நடுவரும் அவர் துணைவரும் இருவர். நில அளவைத் திணைக்களத்தின் படமொன்று நடுவரிடம் இருக்கும். ஆடுவோர்க்கு ஆறுகளும் கணவாய்களும் மட்டும் குறித்த கைவரைபடம் போதும். காய்களுக்குத் தீப்பெட்டியும் புளியங்கொட்டையும் அமையும்.

ஒவ்வொரு முறையும் ஒரு நாள் எனக் கொள்க. திறந்த பாதையில் எட்டு மைலும் காட்டுவழியில் நான்கு மைலும் படை செல்லலாம் என வகுக்கலாம். ஒரே பக்கத்தாரும் தம்முள் வாய்திறந்து பேசலாகாது, கடிதமே எழுதவேண்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் நடுவர் ஒரு கவறு உருட்டுவார். ஒன்று விழின் அது பகைவர் கையிற் சேரும். ஒவ்வொரு திசாவைக்கும் நம்பிக்கை எண் ஒன்றை நடுவர் மறைவாய்க் குறித்து வைத்து, மன்னன் அவர்களை நடத்தும் முறைக்கேற்ப அதனைக் கூட்டியும் குறைத்தும் வருவார். எண் தாழ்ந்த பின் பக்கம் மாறுவதா, நிற்பதா என்பதைத் திசாவையாய் இருக்கும் மாணவனே முடிவு செய்தல் வேண்டும். முடிவுக்குக் காரணத்தையும் எழுதி நடுவரிடம் கொடுத்தல் வேண்டும்.

ஆட்டம் முடிந்தபின் கடிதங்களனைத்தையும் வரிசைப்படுத்தி உரக்கப் படிப்பதே இதன் உயிர்நிலை. தான் அனுப்பிய கட்டளை மூன்று நாள் பிந்திச் சேர்ந்ததை ஒருவன் அறிவான். தன் நண்பன் உதவி வேண்டி எழுதிய கடிதம் பகைவனிடம் சேர்ந்ததை மற்றொருவன் அறிவான். ஏவலாளர் போல் நடத்தப்பட்ட திசாவை ஏன் விலகினான் என்பதை மன்னனாய் இருந்தவன் தன் கடிதங்களிலேயே காண்பான்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பலகையிற் காய் விழுந்தால் குருதி சிந்துவதில்லை. எரியுண்ட வயலும், படையின் பின்னே சுமை தூக்கிச் சென்ற மக்களும், காய்ச்சலால் மாண்டவரும் அதிற் காணப்படுவதில்லை. ஆதலின் ஒவ்வொரு நாளின் முடிவிலும் அந்நாளிற் படை கடந்த கிராமங்கள் யாவை, அங்கு உணவுக்கு என்ன நேர்ந்தது என நடுவர் வினவுதல் நன்று.

தோட்டத்து மாணவர்க்கு இதன் பொருள்

எட்டியாந்தோட்டை, தெரணியகல, இறக்குவானை, பலாங்கொடை முதலிய இடங்களின் தோட்டத்து மாணவர், இப்போர்கள் தம் முன்னோர் வருமுன் நிகழ்ந்தவை. ஆகையால் தமக்கு இவற்றோடு தொடர்பில்லை என எண்ணுதல் கூடும். அவ்வெண்ணம் பொருந்தாது. 1815 இற் கண்டி வீழ்ந்தமையாலேயே 1820 இற் கொழும்பு–கண்டிப் பாதை தொடங்கிற்று. அதன் பின்னர்க் கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1840 ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டம் காடுகளை அரசின் கைக்குக் கொணர்ந்தது. தென்னிந்தியாவினின்று தொழிலாளர் வந்தனர். கோப்பி அழிந்தபின் தேயிலையும் இறப்பரும் அம்மலைகளை மூடின. சிங்களக் கிராமத்தான் தன் காட்டை இழந்ததற்கும், தமிழ்த் தொழிலாளி தன் ஊரை விட்டு இங்கு வந்ததற்கும் வேர் ஒரே போரில் உண்டு. இரு திறத்து மாணவரும் ஒரே பலகையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் மொழியிலான கடிதத்தை மற்றவர் மொழியில் பெயர்த்து ஆடுவராயின், டொயிலி படை நடத்தாமலே பெற்ற வெற்றியின் காரணமும் அவர்களுக்கு விளங்கும்.

புலியை மறிக்க ஆடுகள் சேர்ந்து நிற்றல் வேண்டும் என்பதைப் பழைய ஆட்டம் கற்பித்தது. சேர்ந்து நிற்க விரும்புமாறு அவற்றை நடத்துதல் வேண்டும் என்பதைக் குழுவாய் ஆடும் ஆட்டம் கற்பிக்கின்றது. அவ்விரண்டாவது பாடத்தைக் கற்கத் தவறியவர்களின் வரலாறே 1594 முதல் 1815 வரை சப்பிரகமுவையின் ஆற்றங்கரைகளிலும் கணவாய்களிலும் எழுதப்பட்டுள்ளது.